கன்னடக் கரையின் கலைஞன்

கடலோரத்து மக்களுக்கு இரவென்பது உறங்குவதற்கு மட்டும் வாய்த்ததன்று. தொழிலும் கலையும் இரவைப் பங்கிட்டுக்கொள்ளும் வாழ்வு அவர்களுடையது. எமது புத்தளம் மாவட்டத்துக் கரையையே எடுத்துக்கொள்வோம். கற்பிட்டி தொடங்கிச் சிலாபத்துக்கும் அப்பால் நீண்டு கிடக்கும் இம்மணற்பரப்பிலே, கரைவலை இழுப்போர் தோளோடு தோள் சேர்த்துப் பாடும் அம்பாப் பாடலைக் கேளாத செவி உண்டோ? உடப்பிலே திரௌபதை அம்மன் கோயிலின் ஆடித் திருவிழா வந்துவிட்டால், பாண்டவர் கதை முழு ஊரினதும் கதையாகிவிடுகின்றது. தீமிதிப்புக்கு விரதம் பூணும் முதியவர் தொடக்கம் கூட்டத்தின் நடுவே தந்தையின் தோளில் அமர்ந்து விழித்திருக்கும் குழந்தை வரை, அந்நாட்களில் எல்லாரும் பாரதத்தின் மாந்தரே.

இத்தகைய கரைகள் வேறு நாடுகளிலும் உள. பாரத தேசத்தின் மேற்குக் கரையிலே, கோவாவுக்குத் தெற்காக, வட கன்னடம் என்றொரு மாவட்டம் இருக்கின்றது. அங்கும் தென்னை, அங்கும் மீன் வள்ளம், அங்கும் இரவு விழிக்கும் மக்கள். அவர்களுடைய இரவுகளை ஆள்வது யட்சகானம் என்னும் கூத்து. செண்டையும் மத்தளமும் முழங்க, கதையைப் பாடகர் பாட, உயர்ந்த முடி தரித்த வேடக்காரர் ஆடியும் பேசியும் பொழுது புலரும்வரை பாரதக் கதையையும் இராமாயணக் கதையையும் நிகழ்த்துவர். இக்கலைக்குப் பேர்போன கெரெமனை மேளம் என்னும் குழு, 1934ஆம் ஆண்டில் அம்மாவட்டத்து ஹொன்னாவரப் பகுதியிலே தோன்றியது.

அதே ஹொன்னாவரப் பகுதியில், மல்லாபுரம் என்னும் சிற்றூரில், 1954ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 9ஆந் தேதி ஒரு குழந்தை பிறந்தது. சங்கர் நாகர்கட்டே என்பது அதன் பெயர். பின்னாளில் சங்கர் நாக் என்று கன்னட நாடு முழுவதும் அழைத்து மகிழ்ந்த நடிகர் இவரே. இவர் வாழ்ந்தது முப்பத்தைந்து ஆண்டுகள். திரையுலகில் இருந்ததோ பன்னிரண்டே ஆண்டுகள். அத்துணைச் சிறிய வாழ்வை இவ்வாரம் நாம் எடுத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. அதனை முடிவில் வாசகர்களே உணர்வர்.

வீட்டிலே கொங்கணி பேசும் குடும்பம் அவருடையது. அண்ணன் அனந்த் நாக். 1974இல் வெளிவந்த ‘அங்குர்’ என்னும் இந்திப் படத்தினால் பெயர் பெற்று, இன்றும் கன்னடியர் போற்றும் நடிகர். தம்பி சங்கரும் கல்வியை முடித்த பின் பம்பாய் நகரத்தையே நாடினார். அந்நாளிலே பம்பாயில் மராத்தி நாடகம் செழித்திருந்தது. மேடையிலே நடிப்பது மட்டுமன்றி, ஒளி அமைப்பது, திரை இழுப்பது, பாடம் திருத்துவது ஆகிய சிறு பணிகளையும் ஒருவரே செய்ய வேண்டிய கூட்டங்கள் அவை. அவ்வுலகிலே சங்கர் தம்மை முற்றாக ஒப்படைத்தார். அருந்ததி என்னும் நாடக நடிகையை அவர் சந்தித்ததும் அங்கேதான். 1980இல் இருவரும் மணம் புரிந்தனர்.

புகழ் அவரைத் தேடி வந்த விதம் வியப்புக்குரியது. நாடகாசிரியர் கிரீஷ் கர்னாட் 1978இல் ‘ஒந்தானொந்து காலதல்லி’ என்ற கன்னடப் படத்தை இயக்கினார். ‘முன்னொரு காலத்திலே’ என்பது அதன் பொருள். கூலிக்குப் போர் புரியும் வீரர்களைப் பற்றிய பழங்காலக் கதை அது. ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் வீரர் படங்களின் சாயல் அதிலே உண்டு. அப்படத்தில் கண்டுகலி என்ற இளம் வீரனாகத் தோன்றினார் சங்கர் நாக். முதற் படத்திலேயே இந்தியச் சர்வதேசத் திரைப்பட விழாவின் சிறந்த நடிகர் பரிசு அவருக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது இருபத்துநான்கு.

இவ்வாறு முதலடியிலேயே பரிசு பெறும் இளைஞர் பலர், அப்பரிசின் நிழலிலேயே அமர்ந்துவிடுவதுண்டு. சங்கர் நாக் அமரவில்லை. ஏறத்தாழ 80 படங்களில் அவர் நடித்தார். 1980இல் வெளிவந்த ‘ஓட்டோ ராஜா’ அவரைத் தெருவுக்குத் தெரு தெரிந்தவராக்கியது. அதிலே அவர் ஏற்றது ஓர் ஓட்டோ சாரதியின் வேடம். இன்றும் பெங்களூர் நகரிலே முச்சக்கர வண்டிகளின் பின்புறத்தில் அவருடைய படம் ஒட்டப்பட்டிருப்பதையும், ஓட்டோத் தரிப்பிடங்கள் அவர் பெயரைத் தாங்கி நிற்பதையும் காணலாம். அவர் இறந்த பின் பிறந்த சாரதிகளும் அவரைத் தம்மவர் என்றே கொண்டாடுகின்றனர். உழைப்பவன் ஒருவன் தன் தொழிலைத் திரையிலே கண்ணியமாகக் கண்டால், அதனைக் காட்டியவனை எளிதில் மறப்பதில்லை.

நடிப்பு ஒருபுறமிருக்க, இயக்குநராகவும் அவர் தடம் பதித்தார். கார் திருடுவோரைப் பற்றிய ‘மிஞ்சின ஓட்ட’ என்ற படம் 1980இல் அவர் இயக்கியது. ‘மின்னல் ஓட்டம்’ என்று அதனைத் தமிழில் சொல்லலாம். கர்நாடக அரசின் விருதுகள் ஏழு அதற்குக் கிடைத்தன. 1981இல் வந்த ‘கீதா’ காதற் கதை. அதற்கு இசையமைத்தவர் எமது தமிழகத்து இளையராஜா. அப்பாடல்களைக் கன்னட இளைஞர் இன்றுவரை பாடுகின்றனர். பின்னர் ‘அக்சிடென்ட்’ என்ற படத்தை எடுத்தார். போதையிலே காரோட்டிய செல்வர் வீட்டு இளைஞர், நடைபாதையில் உறங்கிய ஏழைகள் மீது வண்டியை ஏற்றிவிடுகின்றனர். அவர்களுள் ஒருவனுடைய தந்தை அரசியல்வாதி. குற்றத்தை மறைக்க அவர் முயல, உண்மையைத் தேடிப் புறப்படுகின்றான் ஒரு பத்திரிகையாளன். அப்பத்திரிகையாளனாக நடித்தவரும் சங்கர் நாக்கே. சமூகப் பிரச்சினையைக் கையாண்ட சிறந்த படத்துக்கான இந்திய தேசிய விருது அதற்கு வழங்கப்பட்டது.

ஆயினும், கன்னட மொழி அறியாத பிற மாநிலத்தாருக்கும் கடல் கடந்தோருக்கும் அவரை அறிமுகம் செய்து வைத்தது வெள்ளித்திரையன்று. வீட்டுக் கூடத்துத் தொலைக்காட்சியே.

ஆர். கே. நாராயண் 1906இல் சென்னையிலே பிறந்த தமிழர். மைசூரிலே வாழ்ந்து ஆங்கிலத்திலே எழுதியவர். அவர் தம் கதைகளுக்கென மால்குடி என்ற ஊரைக் கற்பனையிலே படைத்தார். 1935இல் வெளிவந்த ‘சுவாமியும் நண்பர்களும்’ என்ற நூலோடு அவ்வூர் பிறந்தது. மால்குடி எந்தத் தேசப்படத்திலும் இல்லை. ஆனால் தென்னாட்டில் வளர்ந்த எவரும் அவ்வூரை அறிவர். கண்டிப்பான தந்தை, கதை சொல்லும் பாட்டி, கணக்குப் பாடத்துக்கு அஞ்சும் பையன், கிரிக்கெட் பந்து வாங்கக் காசில்லாத தோழர் கூட்டம் ஆகியோர் இல்லாத ஊர் ஏது?

நாராயணின் ‘வழிகாட்டி’ என்ற நாவல் 1965இல் இந்திப் படமாக வந்தபோது அவர் மனம் கசந்தார். தம் கதை நடந்த தென்னாட்டுச் சூழலை விட்டு, எங்கோ வடக்கே அரண்மனைகளின் நடுவே படம்பிடித்துவிட்டனர் என்பது அவர் குறை. அத்தகைய எழுத்தாளரின் கதைகளை எடுப்பது எளிதன்று. தயாரிப்பாளர் டி. எஸ். நரசிம்மன் அப்பணியைச் சங்கர் நாக்கிடம் ஒப்படைத்தார்.

சங்கர் முதலில் தேடியது நடிகரையன்று, ஊரை. மேற்கு மலைத் தொடரிலே, சிவமொக்கா மாவட்டத்திலே, பெருமழைக்குப் பேர்பெற்ற அகும்பே என்னும் சிற்றூரை அவர் தெரிந்தெடுத்தார். அங்கிருந்த ‘தொட்ட மனெ’ என்னும் பழைய பெரிய வீடு, சுவாமியின் வீடாயிற்று. ஊர்த் தெருவே மால்குடித் தெருவாயிற்று. மஞ்சுநாத் என்னும் சிறுவன் சுவாமியாகவும், கிரீஷ் கர்னாட் தந்தையாகவும், வைசாலி காசரவள்ளி தாயாகவும் நடித்தனர். முதற் படத்திலே சங்கரை இயக்கிய கர்னாட், இப்போது சங்கரின் இயக்கத்திலே நடித்தார் என்பது இனிமையான செய்தியன்றோ? அண்ணன் அனந்த் நாக்கும் ‘மிட்டாய் வியாபாரி’ கதையிலே தோன்றினார். எல். வைத்தியநாதன் இசை அமைக்க, நாராயணின் தம்பியும் புகழ்பெற்ற கேலிச்சித்திரக்காரருமான ஆர். கே. லக்ஷ்மன் சித்திரம் தீட்டித் தந்தார். 1986இல் இந்திய தூரதர்ஷனிலே ‘மால்குடி நாட்கள்’ ஒளிபரப்பாகத் தொடங்கிற்று. பழைய கசப்பெல்லாம் மறந்து, கதையைச் சிதைக்காமல் எடுத்தனர் என்று நாராயண் மகிழ்ந்தார்.

எமது மாணவச் செல்வங்கள் இத்தொடரை இன்று கைத்தொலைபேசியிலேயே தேடிக் காணலாம். பெற்றோரும் அருகிருந்து காண்பாராக. தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட ஒரு பையனின் அச்சமும் குறும்பும் இன்று முந்தலிலோ உடப்பிலோ படிக்கும் பையனுடையவை போலவே இருப்பதைக் காண்பர்.

இவ்வளவும் செய்த கையோடு மற்றொன்றையும் அவர் செய்துகொண்டிருந்தார். அந்நாளில் கன்னடப் படமொன்றுக்கு இசையும் குரலும் பதிவுசெய்ய வேண்டுமானால், பெரும்பாலும் சென்னைக்குப் பயணம் போக வேண்டியிருந்தது. தம்மவருக்கு அத்துன்பம் எதற்கு என்று, பெங்களூரிலேயே ‘சங்கேத்’ என்ற பெயரில் ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றை நிறுவினார். நகரத்துக்கு நிலத்தடி ரயில் வேண்டும் என்றும் அவர் கனவு கண்டார். வெளிநாட்டு ரயில்களைப் போய்ப் பார்த்து விவரம் திரட்டினார் என்று அவரை அறிந்தோர் கூறுவர். பெங்களூரிலே மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது 2011இல். நடிகனுக்கு ரயிலைப் பற்றி என்ன கவலை என்று சிலர் நகைத்திருக்கவுங் கூடும். தாம் வாழும் ஊர் தமது வீடு என்று எண்ணியவருக்கு அக்கவலை இயல்பே.

திரையிலே இவ்வளவு வேலை இருந்தும் அவர் நாடகத்தைக் கைவிடவில்லை. அருந்ததியும் அவரும் ‘சங்கேத்’ என்ற நாடகக் குழுவையும் நடத்தினர். கிரீஷ் கர்னாட்டின் ‘நாகமண்டல’ முதலிய நாடகங்களை மேடையேற்றினர். அப்போதெல்லாம் அவர்களுக்கிருந்த பெருங்குறை, நாடகத்துக்கென்றே அமைந்த அரங்கு இல்லாமையாகும். கூட்டங்களுக்கும் திருமணங்களுக்கும் கட்டப்பட்ட மண்டபங்களிலே, ஒருநாள் வாடகைக்கு இடம் பிடித்து, பொழுது போவதற்குள் திரையைக் கட்டி அவிழ்க்க வேண்டிய நிலை. நாடகத்துக்கென ஒரு வீடு கட்ட வேண்டும் என்று இருவரும் எண்ணினர்.

1990ஆம் ஆண்டு செப்டெம்பர் 30ஆந் தேதி, ‘ஜோகுமாரசுவாமி’ என்ற படத்தின் வேலைக்காகச் சங்கர் நாக் காரிலே பயணம் செய்துகொண்டிருந்தார். மனைவியும் சிறு மகளும் உடனிருந்தனர். தாவணகெரே நகருக்கு அணித்தாக, ஆனகோடு என்ற இடத்திலே, அக்கார் லொறியொன்றுடன் மோதிற்று. சங்கர் நாக் உயிர் நீத்தார். மனைவியும் மகளும் உயிர் பிழைத்தனர். சாலை விபத்தைப் பற்றிப் படமெடுத்து விருது பெற்றவரின் முடிவு சாலையிலேயே நேர்ந்தது.

இவ்விடத்திலே எமது நாட்டுக் கலைஞர் ஒருவரின் நினைவு வருகின்றது. 1947இல் வெளிவந்த முதற் சிங்களப் பேசும் படமான ‘கடவுனு பொறொந்துவ’வின் கதாநாயகி ருக்மணி தேவி, கொழும்புச் செட்டிகள் குடும்பத்திலே டெய்சி ராசம்மா என்ற பெயருடன் பிறந்தவர். எமக்கு அயலூரான நீர்கொழும்பிலே வாழ்ந்தவர். 1978ஆம் ஆண்டு ஒக்டோபர் 28ஆந் தேதி, மாத்தறையிலே இசை நிகழ்ச்சி ஒன்றை முடித்து வீடு திரும்புகையில், ஜா-எலைக்கு அருகே துடெல்லவில் நேர்ந்த வாகன விபத்திலே அவர் மாண்டார். கொழும்பிலிருந்து நீர்கொழும்பு, சிலாபம் வழியாகப் புத்தளம் வரும் எமது நெடுஞ்சாலையில் அமைந்த ஊரே அது. பிறருக்கு மகிழ்வூட்டித் திரும்பும் கலைஞருக்கு உறக்கமில்லாத இரவும் நெடுஞ்சாலையும் எவ்வளவு கொடியவை என்பதற்கு இவ்விருவரும் சான்று. விழாக் காலங்களிலே குழுவினரை வானில் ஏற்றி நள்ளிரவிலே அனுப்பிவைக்கும் ஊரார், சாரதி உறங்கினாரா என்று ஒரு வார்த்தை கேட்டால் என்ன குறைந்துவிடும்? இரவு தங்கிப் புலர்ந்தபின் போகலாம் என்று பாயை விரித்துக் கொடுப்பதும் கலைக்குச் செய்யும் தொண்டே.

இனி, சங்கர் நாக்கின் கதை அவர் மரணத்துடன் முடியவில்லை. அவ்விபத்திலே அருந்ததி கடுங்காயம் உற்றார். அறுவைச் சிகிச்சைகள் பல. அத்தனை வேதனைக்குப் பின்பும் மேடைக்கு மீண்டார். மீண்டவர், தாமும் கணவரும் கண்ட அந்த வீட்டுக் கனவை மறக்கவில்லை. அரசிடம் நிலம் கேட்டார். நிறுவனங்களிடம் பணம் கேட்டார். நாடக அன்பரிடம் உழைப்புக் கேட்டார். ஓராண்டன்று, ஈராண்டன்று, பல்லாண்டுகள் இம்முயற்சி நடந்தது. கணவர் மறைந்து பதினான்கு ஆண்டுகளின் பின், 2004ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே, பெங்களூர் ஜயப்பிரகாஷ் நகரிலே ‘ரங்க சங்கர’ என்னும் நாடக அரங்கு திறக்கப்பட்டது.

முந்நூறுக்குச் சற்று மேற்பட்ட இருக்கைகளே கொண்ட அளவான அரங்கு அது. திங்கட்கிழமை தவிர வாரத்தின் ஏனைய ஆறு நாட்களும் நாடகம் நடத்துவது அதன் கொள்கை. இளங்குழுக்களும் தாங்கக்கூடிய வாடகை. சாதாரண மக்களும் கொடுக்கக்கூடிய கட்டணம். குறித்த நேரத்திலே கதவு அடைபடும். பிந்தி வருபவர் எத்துணைப் பெரியவரானாலும் வெளியிலேயே நிற்க வேண்டியதுதான். கன்னட நாடகம் மட்டுமன்றிப் பிற மொழி நாடகங்களும் அங்கே மேடையேறுகின்றன. சிறுவர்க்கென்றே நாடகங்களும் உண்டு.

சிந்தித்துப் பார்ப்போம். திரையிலே தோன்றிய முகம் காலப்போக்கில் மங்கும். அவர் நடித்த 80 படங்களில் எத்தனையை இன்றைய இளைஞர் முழுமையாகப் பார்த்திருப்பர்? ஆயினும், அவரை ஒருநாளும் நேரிற் காணாத ஒரு மாணவி, முதன்முதலாக ஒப்பனை பூசி மேடையேறும் அரங்கின் வாயிலிலே அவர் பெயர் எழுதப்பட்டிருக்கின்றது. அகும்பேயில் ஓர் ஊரைத் தேடியதும், பெங்களூரிலே ஒலிப்பதிவுக் கூடம் அமைத்ததும், நாடகத்துக்கு வீடு விரும்பியதும் ஒரே மனத்தின் செயல்களே. தாம் நிற்பதற்கு இடம் கிடைத்ததும், பிறர் நிற்பதற்கும் இடம் தேடிய மனம் அது. முப்பத்தைந்து ஆண்டுகள் போதாமற் போன வேலையை, அன்பு கொண்ட மனைவி முடித்து வைத்தார். சிலை பெறும் கலைஞர் உலகிலே பலர். பிறர் ஆடுவதற்கு ஒரு மேடையையே நினைவாகப் பெறுபவர் சிலர்.

எமது கரைக்குத் திரும்புவோம். கோயில் வீதியிலும் தேவாலய முற்றத்திலும் பாடசாலை மண்டபத்திலும் எமது பிள்ளைகள் நன்றாகவே நடிக்கின்றனர். தருமனாக நின்ற பையனைப் பார்த்து ஊரே கண் கலங்குகின்றது. பெருவிழா முடிகின்றது, கொட்டகை பிரிக்கப்படுகின்றது, உடைகள் பெட்டிக்குள் போகின்றன. அடுத்த ஆண்டு அப்பையன் வெளிநாட்டுக்கு உழைக்கப் போய்விட்டான் என்கிறார்கள். போவதைக் குறை கூற நாம் யார்? வயிற்றுப்பாடு முதன்மையானதே. எனினும், அவன் இங்கிருந்த காலத்தில் வாரத்துக்கு ஒருநாளாவது பழகுவதற்கு ஓர் இடமும், திருத்துவதற்கு ஒரு பெரியவரும், பார்ப்பதற்கு இருபது பேரும் இருந்தார்களா என்பதே கேள்வி.

பெங்களூரிலே எழுந்ததைப் போன்ற அரங்கம் நாளையே இங்கு எழ வேண்டும் என்று நாம் கூறவில்லை. அதற்குப் பெரும்பொருள் வேண்டும். கிழமையில் ஒருநாள் மாலை, பாடசாலை மண்டபத்தின் திறப்பை அதிபரிடம் கேட்டுப் பெறுவதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. அம்பாப் பாடலின் அடிகளை நினைவில் வைத்திருக்கும் முதியவரை அழைத்து வந்து, ஓர் ஆசனம் இட்டு, அவர் பாடுவதை மாணவர் எழுதிக்கொள்வதற்குப் பணமே வேண்டியதில்லை. தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் சிங்களப் பிள்ளைகளும் அருகருகே வாழும் இக்கரையிலே, அம்மூவரும் ஒரே மேடையில் நிற்கும் நாடகம் ஒன்றைப் பழக்குவதற்கு நல்ல மனம் இருந்தாற் போதும்.

பெற்றோர்க்கும் ஒரு வார்த்தை. பிள்ளை நாடகத்துக்குப் போகின்றான் என்றவுடன் படிப்புக் கெட்டது என்று கலங்க வேண்டாம். குறித்த நேரத்திற்கு வருவதும், பிறர் பேசும்வரை பொறுத்திருப்பதும், தன் பாடத்தை மனனஞ் செய்வதும், தோற்ற வேடத்தையும் முகம் சுளிக்காமல் ஏற்பதும் மேடை கற்பிக்கும் பாடங்கள். அவை எத்தொழிலுக்கும் உதவும்.

மாணவர்களே, முப்பத்தைந்து ஆண்டுகள் நீண்ட காலமன்று. ஆயினும், தனக்குக் கிடைத்த நாட்களைப் பிறருக்கும் பயன்படும்படி செலவிட்ட ஒருவருக்கு அவை போதுமானவையாக இருந்தன. வரும் விழாவுக்கு இன்னும் எத்தனை மாதங்கள் என்று எண்ணிக்கொண்டிராமல், வரும் கிழமையே கூடுங்கள்.